நான்கு கொக்கிகள்

ஜெஸ்கஸ்கானில் என் சட்டக் கடைக்கு வருபவை
பெரும்பாலும் திருமணப் படங்கள், சான்றிதழ்கள்;
எப்போதாவது
ஓநாய்த் தலை பின்னிய பூத்தையல்.

ரைஹான் ஒரு நீளக் குழாயோடு வந்தாள்.
செம்பு ஆலையில் கிரேன் ஓட்டுபவள்.
கையுறையைக் கழற்றாமலே மூடியைத் திருகினாள்.
அல்மாத்தியில் வாங்கியதாம், அரை மாதச் சம்பளம்.
விலையை என்னிடம் சொன்னாள்,
வீட்டில் சொல்லவில்லை.

விரித்தேன். சுருண்டது.
மூலைக்கொன்றாகப் பாரம் வைத்தேன்:
சுத்தியல், கோந்து டப்பா, அரைச் செங்கல்,
என் தேநீர்க் கோப்பை.
"அதை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்றாள்.

மேலெல்லாம் கறுப்பு.
சாய்த்துப் பார்த்தால்
திரைத்துணியின் இழை தெரிகிற கறுப்பு.
கீழே செங்காவியில் ஒரு வளைவு,
கிரகமோ, வாணலியின் விளிம்போ.
நடுவே விரல்நகம் அளவு வெள்ளை மனிதன்.
அவன் இடுப்பைத் தொட்டு ஓடும் நீலக் கோடு
தாளின் ஓரத்தில் அறுந்துபோகிறது.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். தொழில் புத்தி;
கறை இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.
வெள்ளை மை என்று அங்கே ஏதுமில்லை.
மூன்று மைகளும் ஒதுங்கி நின்ற இடம்தான்
அந்த மனிதன்.
வெறும் தாள்.
செங்காவி மட்டும் மயிரிழை நகர்ந்து
அவன் தோளோரம் தணலாகக் கிடந்தது.

"அச்சு விலகியிருக்கிறது."

"இருக்கட்டும்."

பென்சில் கையெழுத்து உள்ள பக்கம் கீழ்ப்பக்கம்,
மேலே கொக்கி போட்டுவிடுகிறேன் என்றேன்.
பேசாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பினாள்.
செங்காவி உச்சிக்குப் போயிற்று.
அவன் விழுவதை நிறுத்தினான்,
அல்லது இப்போதுதான் விழத் தொடங்கினான்.

"இரவு வேலையில், கூண்டுக்குக் கீழே
செம்பை உருக்கி ஊற்றும்போது
வெளிச்சம் தரையிலிருந்து வரும்.
என் நிழல் எனக்கு மேலே, கூரையில் கிடக்கும்."
அதற்கு மேல் அவள் விளக்கவில்லை.

என் மைத்துனன் குவாந்திக்
விண்கலம் இறங்கும் நாட்களில்
புல்வெளிக்கு லாரி ஓட்டுவான்.
வெளியே தூக்கி நாற்காலியில் இருத்திய ஒருவன்
போர்வைக்குள்ளிருந்து கை நீட்டி
பேனாவைக் காற்றில் வைத்தானாம்.
அது விழுந்ததும்
யாரோ தட்டிவிட்டது போல் சுற்றிலும் பார்த்தானாம்.
குவாந்திக் நிறையப் புளுகுவான்.
இதை மட்டும் அன்று, கண்ணாடி வெட்டிக்கொண்டே,
நம்பிவிட்டேன்.

நான்கு பக்கமும் கொக்கி அடித்துக் கொடுத்தேன்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்.
பழைய கம்பளியில் சுற்றி
பனிக்குள் பேருந்துக்கு நடந்தாள்,
காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்திழுக்க.

மார்ச்சில் ஆணி வாங்க வந்தாள்.
"இப்போது எந்தப் பக்கம் கீழே?"
"இடது."
"வீட்டுக்காரர் கவனித்தாரா?"
"ஒன்றும் சொல்வதில்லை.
சாப்பிடும்போது கழுத்தைச் சாய்த்துக்கொள்கிறார்."