ஆவி போக ஓர் இடம்

வியாழக்கிழமைதோறும் ஏழு பேர்,
குளிர் முற்றிய மாதங்களில் நாலு பேர்.
கிளைப்பெதா துறைமுகத்துக்குப் பின்னால்
கயிற்றுக் கிடங்கின் மாடியில் ஒரு நீள மேசை,
ஒரே விளக்கு,
குண்டூசி குத்திக் குத்திப் பொரிந்துபோன பலகை.
விதி ஒன்றுதான்:
படம் மாட்டியவர் வாய் திறக்கக் கூடாது
கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை.

அன்று முதலில் என்னுடையது.
நான் வேலை பார்க்கும் படகின் கார்த்தளம்,
ஜனவரி, ஒரு வண்டியும் இல்லை,
பனிமேல் யாருடையதோ ஒரு நாய்.
அடிவானம் சாய்கிறது என்றார் ரிம்விதாஸ்.
கடலில் அது சாயத்தான் செய்யும். சொல்லக் கூடாது.
நாய் என்ன ஜாதி என்று கேட்டார் ஸிக்மாஸ்.
அதற்கும் கூடாது.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
காகிதத்தை முகர்வதுபோல் குனிந்து பார்த்தாள்
ஜிவிலே, ரொட்டிக்கடைக்காரி.
"உன் கருப்பு பயப்படுகிறது," என்றாள்.
"சாம்பல்வரை வந்துவிட்டு
வாசலிலேயே நின்றுவிடுகிறது."

நன்றி என்றேன்.
அவர்கள் வெளுத்து வாங்கியதில்
கறுத்தது என் முகம் மட்டும்.

அடுத்து அவள் படம்.
பக்கத்து வீட்டுச் சமையலறை, காலை.
அவித்த உருளைக்கிழங்குச் சட்டி.
வலது ஓரத்தில் மணிக்கட்டுவரை ஒரு கை,
உப்பை எடுக்கிறதா வைக்கிறதா, தெரியாது.
இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு
வெறும் சுவர், பூச்சு மங்கியது.
அந்தச் சுவர்மேல் ஏறிக்கொண்டிருந்தது ஆவி,
அவசரமே இல்லாமல்.

பார்த்த கணமே பிடித்துவிட்டது.
இதைச் சொல்லத்தான் இத்தனையும்:
பிடித்துவிட்டது, வாய் வேறு சொன்னது.
"அந்தச் சுவர் சும்மா நிற்கிறது. வெட்டிவிடு.
கையைக் கொஞ்சம் அழுத்திக் கொண்டுவா."
குரல் நன்றாகத்தான் இருந்தது,
விஷயம் தெரிந்தவன் குரல்.
ரிம்விதாஸ்கூடத் தலையாட்டினார்.
ஜிவிலே படத்தைத் திருப்பி
அதன் முதுகில் பென்சிலால் எழுதிக்கொண்டாள்:
சுவர், வெட்டு. கை, அழுத்தம்.
பொடிப்பொடியான சாய்ந்த எழுத்து,
கடையில் கடன் பற்று எழுதுகிற எழுத்து.

அந்த வாரம் முழுக்கப் படகு
மணல்திட்டுக் கரைக்குப் போனது, திரும்பியது.
ஒவ்வொரு முறை கதவை இறக்கும்போதும்
என் வாயிலிருந்தும் ஆவி.
அதைப் பார்க்காதவன்போல்
சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வியாழன் வந்தாள்,
மருந்து நாற்றம் போகாத காகிதத்தோடு.
சொன்னதைச் சொன்னபடி செய்திருந்தாள்.
சுவர் இல்லை.
கை இருந்தது, கரி பூசிக்கொண்டு
யாரையோ அதட்டுவதுபோல்.
கிழங்கு இருந்தது, தோல் வெடிப்புவரை துல்லியமாக.
ஆவி மட்டும் ஒரு விரற்கடை எழும்பி
காகித ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது.
ஆவி போன படம்.

"நல்ல முன்னேற்றம்," என்றார் ரிம்விதாஸ்.
வெளுத்ததெல்லாம் பால் அவருக்கு.
"கிழங்கு பதமாக வெந்திருக்கிறது," ஸிக்மாஸ்.
பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
கீழிருந்து தார் வாசனை ஏறி வந்தது.
"நான் சொன்னது தப்பு," என்றேன்.
"சுவர் சும்மா நிற்கவில்லை.
அதுதான் ஆவியைத் தாங்கிக்கொண்டிருந்தது.
போன வாரமே தெரியும் எனக்கு."

அந்தக் கடைசி வரியை
விழுங்கியிருக்கலாம்.
சொல்லிவிட்டேன்.

கடைசி ஆள் நான்தான் என்று
மேசையைச் சுற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டு
வாய் திறந்தாள்.
"பதினொரு தாள்," என்றாள்.
"அந்தக் கையைக் கறுக்க வைக்கப் பதினொரு தாள் பாழ்.
ரீகாவிலிருந்து வரவழைக்கிற தாள்.
வாங்கித் தா."
யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

படி இறங்கும்போது கேட்டேன்,
கேட்டிருக்க வேண்டாம்:
"என் கருப்பு?"
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே
"இன்னும் பயம்தான்," என்றாள்,
"நாய் மட்டும் பரவாயில்லை."