பதினொரு சென்டிமீட்டர்

செந்தூல் கூடைப்பந்துக்காரர்களுக்கு இந்த வாரச் செய்தி.
முதலில் சின்னது: ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை.
சிமெண்ட் காய வேண்டும்.
அடுத்தது கொஞ்சம் பெரியது.

செவ்வாய்க்கிழமை மாநகர் மன்றத்திலிருந்து ஒருவர் வந்தார்,
கோடுகளுக்குப் புதுச் சாயம் அடிப்பதற்கு அளவெடுக்க.
வந்த கையோடு வளையங்களையும் அளந்தார்.
பிளாட் பக்கம் மூன்று மீட்டர் ஐந்து. சரி.
தண்டவாளப் பக்கம் நாடாவை இரண்டு முறை இழுத்தார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை.
இரண்டு மீட்டர் தொண்ணூற்று நான்கு.

பதினொரு சென்டிமீட்டர்.
என் கைபேசியைவிடக் குட்டை.

பன்னிரண்டு வருடமாக
நாணயம் சுண்டி ஜெயித்தவனெல்லாம் கேட்டது அந்தப் பக்கம்தான்.
ராசியான வளையம் என்றோம்.
கம்பத்தில் யாரோ திருநீறு பூசினார்கள்.
ஆ கியோங் சீனப் பெருநாளைக்கு ஆரஞ்சு வைத்தார்.
ஹாஃபிஸ் ஒன்றும் வைத்ததில்லை,
ஆனால் செருப்பை மட்டும் அந்தக் கம்பத்தடியில்தான் கழற்றுவான்.
ராசியுமில்லை ஒன்றுமில்லை.
கம்பம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது,
ரயில் ஒவ்வொரு முறை கடக்கும்போதும்
ஒரு மயிரிழை.

திலகராஜின் டங்க்:
ஆறு வருடம் முன்பு, தீபாவளிக்கு மறுநாள்,
நாற்பது பேர் பார்த்தோம்.
வளையத்தில் தொங்கிய மாப்பிள்ளை என்றே
அவன் கல்யாணத்தில் மைக்கில் சொன்னார்கள்.
அளந்தபோது பக்கத்தில்தான் நின்றான்.
"அன்றைக்கு எவ்வளவு இறங்கியிருக்கும்?"
பாதி இருக்கலாம் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?
உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
வாங்கிய தே தாரிக்கைக் குடிக்கவே இல்லை.

பிறகு சண்டை, வேறென்ன.
பாதி நேரத்தில் பக்கம் மாறுகிறோமே, இருவருக்கும் சமம்தானே
என்றார் வழக்கறிஞர் அலுவலகத்து கிருபாகரன்.
சமம் என்பது யாருக்கு வேண்டும்?
ஸ்கோர் புத்தகங்களைக் கொண்டுவா,
எந்தப் பக்கம் எத்தனை விழுந்தது, எண்ணு என்றார்கள்.
ஏழு புத்தகம். மைலோ டின்னுக்குள் சுருட்டி வைத்தவை.
இரண்டு இரவு எண்ணினேன்.

எண்ணும்போது என் பெயர் வந்தது.
பெண்கள் இறுதியாட்டம், நான்கு வினாடி மீதம்,
ஒரு புள்ளி பின்னால், இரண்டு ஃப்ரீ த்ரோ,
பிளாட் பக்க வளையம்.
இரண்டும் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின.
பயந்துவிட்டாள் என்றார்கள்.
நானும் அதையே சொல்லிக்கொண்டேன்,
ஒன்பது வருடம், பந்தை விட்டுவிட்டுப் பேனாவோடு.

அந்த ஆண்டு முழுக்கப் பிளாட் பக்க விளக்கு எரியவில்லை.
வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வந்து
நான் பழகியதெல்லாம் தண்டவாளப் பக்கம்.
என் கை தப்புச் செய்யவில்லை.
தனக்குத் தெரிந்த வளையத்துக்குச் சரியாகத்தான் எறிந்தது.

பயந்தும் இருக்கலாம்.
இரண்டுமாகவும் இருக்கலாம்.
இதைச் செய்தியில் சேர்க்கலாமா தெரியவில்லை. சேர்த்துவிட்டேன்.

வியாழக்கிழமை வாக்கெடுப்பு:
உயர்த்தலாம் பதினான்கு, அப்படியே விடலாம் ஒன்பது.
ஆ கியோங் இரண்டுக்கும் கை தூக்கினார், கழித்துவிட்டோம்.
சனிக்கிழமை ஸுல்கர்னைன் பட்டறையிலிருந்து ஆட்களோடு வந்து
கம்பத்தைப் பிடுங்கி, நிமிர்த்தி, சிமெண்ட் கொட்டினான்.
சுற்றிலும் சிவப்புக் கயிறு.
பொடியன்கள் கயிற்றுக்கு வெளியே நின்று
அண்ணாந்து பார்த்துவிட்டு
சொல்லிவைத்தாற்போல் ஒன்றைச் சொன்னார்கள்:
"உயரமாவே தெரியலையே."

திலகராஜுக்குத் தெரிந்தது.
இரவு பத்து மணிக்கு, வேலை உடுப்போடு,
கயிற்றைத் தொடாமல் வெகுநேரம் நின்றான்.
கடைசி கொம்யூட்டர் போனது. கம்பம் அசையவில்லை.
"அடுத்த வாரம் வர்றேன்" என்றான்,
என்னிடமா வளையத்திடமா தெரியாது.

அவன் போனபின் நான் பிளாட் பக்கம் போய்
ஒரு பந்து எறிந்தேன்.
அது புத்தகத்தில் இல்லை.

கடைசியாக:
விசிலை எடுத்துப்போனவர் யாராக இருந்தாலும்
கழுவித் திருப்பிக் கொடுக்கவும்.