புதன்கிழமை, செந்தாந்த்ரே

ரெயூனியனில் புதன்கிழமை பள்ளி இல்லை.
நகராட்சிக் கூடத்தில் பதினொரு பிள்ளைகள்,
தயிர்க் கிண்ணங்களில் வண்ணம்,
வெளியே கரும்பு லாரிகள்.

கால் வரையாதீர்கள் என்றேன்.
கால் போகிற இடத்தை வரையுங்கள்.

லொயிக் ஒரு நாயை ஓடவிட்டான்,
ஒரே கோடு.
தாள் முடிந்தது, கோடு முடியவில்லை;
மேசையைத் தாண்டி, சுவரில் ஏறி
கதவு நிலையில் போய் மூச்சு வாங்கியது.
"நாய் எங்கேடா?"
"போயிட்டது, மதாம்."

மயேலின் மாடு முழுக்கச் சிவப்பு.
கொம்பில்லை, வாலில்லை,
எடை மட்டும் இருந்தது;
தாளைத் தூக்க இரண்டு கை வேண்டும்போல.

மத்தியோ மட்டும் காலையே வரைந்தான்.
நாற்பது கால், ஒரு பூரான்.
சொன்னால் கேட்கிற பிள்ளையா அவன்.

ஜன்னலோரம் அனாயிஸ் மர்தாய்
லிச்சி மரத்துப் பச்சோந்தியை எடுத்துக்கொண்டாள்.
இந்தத் தீவில் அதன் பெயரே தூங்குமூஞ்சி.
அசையாததற்கு என்ன அசைவு?
நல்லவேளை, அவள் என்னைக் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம்
பச்சைமேல் பச்சை, அதன்மேல் நீலம்,
ஈரம் காயுமுன் கொஞ்சம் ஆரஞ்சு.
பிறகு இரண்டு சுழிகள்:
ஒன்று மலையைப் பார்த்து,
ஒன்று கடலைப் பார்த்து.

கூட்டிப்போக வந்த அப்பா
படத்தைத் தலைகீழாய்ப் பிடித்து
"என்ன இது?" என்றார்.

"இப்படிப் பிடிச்சா தூங்குது."
வாங்கித் திருப்பினாள்.
"இப்படிப் பிடிச்சா உங்களப் பாக்குது."

அவர் ஓரடி பின்வாங்க,
நிலையில் இன்னும் ஈரமாயிருந்த நாய்
அவர் வெள்ளைச் சட்டையில்
ஏறிக்கொண்டது.