திரும்பிப் போன மஞ்சள்

ஒதாரு துறைமுகச் சுங்க அலுவலகத்தில்
நண்டுப் பெட்டிகளுக்கு முத்திரை குத்துவது என் வேலை.
குளிர்காலத்தில் தாள்களிலேயே அதன் வாடை.
ஒரு கால்துணுக்கு போதும்
என் தொண்டை கதவைச் சாத்திக்கொள்ள.

மினகுச்சி ஓய்வு பெறுகிறார்.
வழியனுப்பு விருந்து சுஷிக் கடையில்.
எட்டே இருக்கை. விலைப்பட்டியல் இல்லை.
கடைக்காரர் வைப்பதைத் தின்ன வேண்டும்.
மூன்று நாள் முன்பே போன் செய்தேன்.
"நண்டும் இறாலும் வேண்டாம்."
"பிடிக்காதா, ஆகாதா?" என்றது மறுமுனை.
இத்தனை வருஷத்தில்
அப்படிப் பிரித்துக் கேட்ட முதல் கடை.
போகலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

பிப்ரவரி. வாசலில் முழங்கால் பனி.
ஊசிமருந்து குளிரில் கெடாமலிருக்க
கோட்டின் உள்பையில், விலாவோடு ஒட்டி.

ஹதகேதா துணி சுற்றிய பலகை ஒன்றை எடுத்தார்.
தனிக் கத்தி. கழுவிய கையை மறுபடி கழுவினார்.
"இறாலைத் தொடுமுன் உங்களுக்கு முடித்துவிடுகிறேன்."
சூரை, கானாங்கெளுத்தி, சால்மன்,
பெயர் தெரியாத ஒரு வெள்ளை மீன்.
மற்றவர்கள் முதல் கோப்பை சாக்கேயைத் தூக்குமுன்
என் விருந்து முடிந்துவிட்டது.
பிறகு ஒன்றரை மணி நேரம்
தேநீரும் சிரிப்பும்.

"ஒரு சொட்டு என்ன செய்துவிடும்?"
ஸுகாதா கேட்டான்.
எல்லா விருந்திலும் ஒரு ஸுகாதா உண்டு.
ஏழு வயதில் உதடு வீங்கிய கதையை
பாதி சொல்லி நிறுத்திக்கொண்டேன்.
பிறர் தின்னும்போது சொல்லும் கதையில்லை அது.

கடைசியில் முட்டை.
மஞ்சள் செங்கல் போல, ஆளுக்கொரு துண்டு.
எடுபிடிப் பையன் என் தட்டிலும் வைத்தான்.
முட்டைதானே.
குச்சியால் தூக்கி
வாய்க்கருகே கொண்டுபோனேன்.

ஹதகேதாவின் கை
மேடைக்கு மேலே பாய்ந்து வந்தது.
தட்டு கவிழ்ந்தது. துண்டு அவர் உள்ளங்கையில்.
சோயா கிண்ணம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"அரைத்த இறால் இதற்குள்" என்றார்.
"நம் கடையில் அப்படித்தான்.
முப்பத்தோரு வருஷம் அரைத்து அரைத்து
எனக்கே அது இறால் இல்லை என்றாகிவிட்டது."
நெற்றி மேடையில் படக் குனிந்தார்.
பையன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"பரவாயில்லை" என்று சொல்ல வேண்டிய இடம்.
வாயில் வரவில்லை.
பரவாயில்லைதானா?
அந்த வெள்ளை மீனின் பெயரையாவது கேட்டேனா?
பலகையைக் கண்டதும்
முட்டையைக் கேட்க மறந்தவள் நான்தானே.
உள்பையில் ஊசி விலாவைக் குத்தியது.

மினகுச்சி தன் துண்டை
மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல்
கன்னத்தில் வைத்திருந்தார்.
பாவம், முப்பத்தெட்டு வருஷ வேலையின் கடைசி இரவு.

மூடிய கிண்ணங்களில் மிசோ சூப் வந்தது.
"இதில்?"
கேட்டது நானில்லை, ஸுகாதா.
"இறால் தலை" என்றார் ஹதகேதா,
தலையைத் தூக்காமலேயே.

என் கிண்ணம் திரும்பிப் போனது.
பதிலுக்கு வெந்நீர் வந்தது.
எந்தப் பாத்திரத்தில் கொதித்தது என்று
அதையும் கேட்டுவிட்டுத்தான் குடித்தேன்.