வளைகுழாய்க் கல்

பின்னிரவு மூன்றே காலுக்கு பம்ப் நின்றது.
ஜுனைதி வளைகுழாயைக் கழற்றினான்.
உள்ளே,
சுண்டுவிரல் நுழையும் ஓட்டை மட்டும் விட்டு
மிச்சமெல்லாம் கல்.

உளி வைத்துத் தட்டினான்.
மலாயில் இரண்டு வசவு, ஹொக்கியனில் ஒன்று,
எனக்கும் புரியட்டும் என்று தமிழில் ஒன்று.

உதிர்ந்ததைக் கையுறையில் ஏந்திப் பார்த்தேன்.
மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட்.
ஒரு வருடமாய்ப் பக்கத்துக் கட்டடத்தில்
உப்புப் போட்டு, காற்றூதி, காரம் கூட்டி
கெஞ்சிக் கெஞ்சிக் கூப்பிடுகிறோமே
அதே படிகம்.
அங்கே பொடிப்பொடியாய் வந்து நழுவுகிறது.
இங்கே அழைக்காத விருந்தாளியாய்
சம்மணம் போட்டிருக்கிறது.

தொட்டியில் இருக்கும் கிருமிகள் பொல்லாதவை.
காற்று கிடைத்தால் பாஸ்பரஸை வாரிப் பதுக்கும்.
காற்றை நிறுத்தினால் கக்கிவிடும்.
வருமானவரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்
என்பாள் சியோக் லான்.

கக்கியதை அளக்க
குழாயில் சொட்டு மருந்து விட்டுக் காத்திருப்பேன்.
மெல்ல நீலம் ஏறும்.
பிடோக்கில் யாரோ வழித்துக் குடித்த லக்சா,
தேக்காவில் பன்னிரண்டு மணி மட்டன் சுக்கா,
விடுதியில் முந்நூறு பேருக்கும் ஒரே குழம்பு,
மருத்துவமனையில் ஒரே வாய் இறங்கிய கஞ்சி.
எல்லாம் இந்த நீலம்தான்.
எது யாருடையது என்று
கருவி கேட்பதில்லை. ஓர் எண் சொல்லும்.

அரிசி கப்பலில் வருகிறது,
கீரை பாலம் தாண்டி வருகிறது.
வயலும் இல்லை, வெட்டியெடுக்கப் பாறையும் இல்லை.
நம் சுரங்கம்
காலை ஆறரைக்கு, மாடி மாடியாக,
ஃப்ளஷ் சத்தத்தோடு திறக்கிறது.
அதில் பெரும்பங்கை எரித்துச் சாம்பலாக்கி
மறுபடி கப்பலேற்றிவிடுகிறோம்.

"வீட்ல மிளகாச் செடி இருக்கு,
கொஞ்சம் குடேன்" என்றான் ஜுனைதி.
துத்தநாகம், ஈயம் பார்க்காமல் கூடாது என்றேன்.
"நம்ம வயித்துல இருந்து வந்ததுதானே?"
அதனால்தான் என்றேன்.
சிரித்தான்; புது வளைகுழாயை முடுக்கினான்.

நாலு பத்துக்கு பம்ப் ஓடியது.

தராசில் நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
எங்கள் கலன் ஒரு மாதத்தில் இவ்வளவு தந்ததில்லை.
படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
உற்பத்தி. பழுது.
பேனாவைத் திறந்து மூடினேன். திறந்தேன்.

பழுதில் எழுதினேன்.
எடையை மட்டும்
கட்டத்துக்கு வெளியே,
பென்சிலில்.