பதினோரு வோல்ட்

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு டிக்.
அதற்குப் பிறகு அலைச் சத்தம்,
தலைக்கு மேல் சக்கரம் இறக்கும் விமானம்,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மொஸ்தாகின்.

சாங்கியில், கடலோரச் சாலைக்கு இந்தப் பக்கம்
முழங்கால் உயரம் ஏறிவிட்ட புல்லுக்கு நடுவே
உட்கார்ந்து ஓட்டும் அறுப்பு மெஷின்
வெள்ளிக்கிழமையிலிருந்து அசையவில்லை.
பேட்டரி ஏற்கெனவே மாற்றியாயிற்று.
"ராத்திரி பூராவும் சாவியை ஆன்ல விட்டுட்டான்" என்று
தியோ தீர்ப்பெழுதி
நூற்றெண்பது வெள்ளியை
இவன் சம்பளத்தில் பிடித்தும்விட்டார்.

எனக்கு அந்த டிக் பாதி வழி.
சீட்டில் ஆள் இருக்கிறது, பிரேக் மிதிபட்டிருக்கிறது,
பிளேடு சும்மா இருக்கிறது
என்று மூன்று சுவிட்சும் ஒத்துக்கொண்டால்தான்
சொலினாய்டு வாய் திறக்கும்.
திறந்திருக்கிறது.
இவன் மேல் தப்பில்லை என்று அப்போதே நினைத்தேன்.
நினைப்பதை யாரும் கணக்கில் ஏற்றமாட்டார்கள்.

மீட்டரை எடுத்தேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
திருப்பு என்றேன். டிக்.
பன்னிரண்டு புள்ளி ஐந்து.
நியாயமாகப் பத்துக்காவது சரிந்திருக்கவேண்டும்;
பசித்த மோட்டார் இலையில் எதையும் மிச்சம் வைக்காது.
இங்கே சோறு அப்படியே இருக்கிறது,
யாரோ கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அக்கா, ஸ்டார்ட்டர் போச்சா?"
போன கம்பெனியில் மூன்று வருஷம்
புதுக்கோட்டைக்காரர்களோடு ஒரே அறை,
அந்தத் தமிழ்.
தெரியாது என்றேன்.
போன வருஷம் லிம் சூ காங்கில்
அவசரப்பட்டு ஒரு நல்ல ஸ்டார்ட்டரைக் கழற்றி
போல்ட்டை உள்ளேயே முறித்து
ஒரு பகலை வீணடித்தவள் நான்.
என் சம்பளத்தில் யாரும் பிடிக்கவில்லை.

கறுப்பு முனை பேட்டரியின் மைனஸில்.
சிவப்பு முனை இன்ஜின் உடம்பில்.
இரண்டும் ஒரே வீடு, நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது.
திருப்பு.
பதினொன்று.

எர்த் வயர்.
சொலினாய்டுக்குத் தனியாக ஒரு மெல்லிய வயர் போகிறது,
டிக் மட்டும் பிழைத்தது அதனால்.
தடித்த வயரை இன்ஜின் அடியில் பிடித்திருந்த போல்ட்
பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது.
பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் போட்டதும்
பொருக்கு விட்டது,
அடியில் காப்பித்தூள் மாதிரி துரு.

இந்த நிலமே கடலைத் தூர்த்துப் போட்டது.
கீழே உப்பு, காற்றிலும் உப்பு.
பகலெல்லாம் மண் மேல் ஓடியும்
இதற்கு எர்த் கிடைக்கவில்லை.
இதையெல்லாம் மொஸ்தாகினிடம் சொல்லவில்லை,
அவன் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்,
இரும்பு வெளுக்கும்வரை,
வெளுத்த பிறகும்.

புது வாஷர். விரல் நுனியளவு கிரீஸ்.
சாவி.
டிக்கைக் கேட்கவே நேரமில்லை,
புல்லுக்குள்ளிருந்து நாலைந்து மைனா
திட்டிக்கொண்டே எழுந்தன.

கழற்றிய பழைய பேட்டரி வேனில் கிடந்தது.
அதையும் சோதித்தேன். திடமாகத்தான் இருக்கிறது.

வேலைத்தாளில் எழுதினேன்:
பழுது, எர்த் இணைப்பில் துரு.
மாற்றியது, வாஷர் ஒன்று, நாற்பது காசு.
அடுத்த கட்டம் மிகவும் சின்னது,
ஓரத்துக்கு வழிந்து எழுதினேன்:
ஓட்டியவர் மேல் தவறில்லை. பழைய பேட்டரி நல்லது.
படம் பிடித்துத் தியோவுக்கு அனுப்பினேன்.

இரண்டு நீலக் கோடு.
பதில் இல்லை.

மொஸ்தாகின் அதற்குள் வேலிவரை போய்த்
திரும்பிக்கொண்டிருந்தான்,
பின்னால் ஒரு பச்சைப் பாதை.
கை காட்டினான். நானும் காட்டினேன்.
நூற்றெண்பதைப் பற்றி அவன் கேட்கவில்லை.

நாளைக் காலை ஆபீசுக்குப் போய்
தியோவையும் ஒரு திருப்புத் திருப்பிப் பார்க்கவேண்டும்,
டிக்காவது கேட்கிறதா என்று.