பஞ்சு

மாத்திரைக் குப்பியில் பஞ்சு அடைக்க
இந்த மலையில் யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.
வேனில் பக்கத்து இருக்கைக்குக்
கலகலப்பு கேட்டுவிடக் கூடாது,
அவ்வளவுதான்.

ஜூலை. லெசோத்தோவின் கணவாய்களில் பனி.
நான்கு மணி நேரம் நடந்து வந்தவர்களுக்கு
மூன்று மாத மருந்துக்குப் பதில்
பதினான்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தாள் நர்ஸ்.
அடுத்த முறை ஏழு.
அதற்கடுத்த முறை
உட்கார ஒரு பெஞ்சும், ஒரு மன்னிப்பும்.

தலைநகரிலிருந்து அறிக்கை வந்தது:
'நாட்டில் எங்கும் மருந்துத் தட்டுப்பாடு இல்லை.'
ஆறு மணிச் செய்தியில் லினேயோ அதை வாசித்தாள்,
ஒரு காற்புள்ளி விடாமல்.
பிறகு போர்வைக்குள் கைவிட்டுத்
தன் குப்பியை எடுத்தாள்.
கண்ணாடிக்கு இப்பாலிருந்து நான் கையசைப்பதற்குள்
பஞ்சை உருவி
மைக்கின் அருகே ஆட்டினாள்.

மூன்று மாத்திரை.
பதினோரு வருடமாய் இந்த ஸ்டேஷனில் ஒலி அளப்பவன் நான்.
மூன்று மாத்திரையின் ஓசை எவ்வளவு என்று
அன்றுதான் பார்த்தேன்:
முள் எழலாமா என்று யோசித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இது என்னுடையது. உங்களுடையது எப்படிக் கேட்கிறது?"

நாற்பது நொடி மௌனம்.
சோப்பு விளம்பரத்தைப் போட்டிருக்க வேண்டும்.
போடவில்லை.

முதலில் சுரங்கத்திலிருந்து திரும்பிய ஒருவர். இரண்டு.
பிறகு ஒரு தாய்: "என் மகனுக்கு சிரப். அது கலகலக்காது"
என்றவள் வெறும் பாட்டிலின் வாயில் ஊதிக்காட்டினாள்.
இரவல் போனில் ஓர் ஆட்டிடையன்.
ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன்:
காற்று, ஆட்டு மணி.
"கேட்டதா?"
"இல்லை."
"அதேதான்."

ஒன்பது காலைகள்.
ஊர்ப் பெயர், கிளினிக் பெயர், தேதி, ஓசை.
'இரைச்சல் செய்தியாகாது, உரிமம் நினைவிருக்கட்டும்'
என்றது ஒரு தொலைபேசிக் குரல்.
அதையும் ஒலிபரப்பினோம்.
எல்லை தாண்டி வந்த கேமராக்காரர்கள்
லினேயோவைக் கொஞ்சம் அழச் சொன்னார்கள்.
"கிடங்குச் சாவி யாரிடம் என்று கேளுங்கள்,
அழுகையை அப்புறம் பார்க்கலாம்."

கேட்டார்கள்.
பெட்டிகள் கிடங்கில்தான் இருந்தன, கூரை முட்ட.
லாரி வாடகைத் தாளில் ஒரு கையெழுத்து
ஐந்து வாரமாய்
யாரோ ஒருவரின் மேஜையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் லாரி வந்தது.
இடையனின் இரவல் எண்ணுக்கு நான்கு முறை அழைத்தேன்.
அவன் மந்தையோடு மேலே போய்விட்டான் என்றார் போன்காரர்.
எந்த மேலே என்று அவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்.
அந்த ஒன்பது காலையும்
என் சட்டைப்பையில் ஒரு குப்பி இருந்தது.
நான் ஆட்டவில்லை.

நேற்று வேன் ஒரு குழியில் இறங்கி ஏறியபோது
பின்னால் யாருடைய பையிலோ கலகலத்தது.
யாரும் திரும்பவில்லை.
நானும்தான். ஆனால் என் காது எண்ணியது:
தொண்ணூறுக்குக் குறையாது.